அந்திப் படத்தில் ஒளியும் இருளும்

மாலைப் பொழுதில் கடற்கரையிலோ மலைச்சரிவிலோ நின்று, மேற்கு வானம் பொன்னாகிச் சிவந்து, பின்பு மெல்ல மெல்லச் சாம்பல் பூத்து அடங்குவதைக் கண்டு மெய்மறந்தவர்கள், அதே காட்சியைக் காமிராவில் பிடித்துக்கொண்டு வந்து மறுநாள் எடுத்துப் பார்க்கும்போது பெரும்பாலும் ஏமாற்றமே அடைகிறார்கள். வானத்தில் நிறம் இருந்தால் நிலம் முழுவதும் கறுத்துப் போயிருக்கிறது. நிலம் தெளிவாகத் தெரிந்தால் வானம் வெளுத்துப் போயிருக்கிறது. நேரில் அத்தனை பெரிதாகத் தோன்றிய சூரியனோ, தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒரு வெண்புள்ளியாகச் சுருங்கிக் கிடக்கிறது. இதற்குக் காமிராவின் விலையையோ லென்ஸின் தரத்தையோ குறை கூறுவது எளிது; ஆனால் காரணம் அங்கே இல்லை. அஸ்தமன வேளையில் படமெடுக்கப் புறப்படுகிறவர்கள் நிறத்தைத் தேடிப் போகிறார்களே ஒழிய, ஒளியின் அளவைக் கவனிப்பதில்லை. நிறம் தானாக வந்து சேரும். அளவை மட்டும் நாம்தான் தீர்மானித்தாக வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் எடுத்துச் சொல்ல விரும்புவது.

நிறம் எவ்வாறு தானாக வந்து சேருகிறது என்பதை முதலில் பார்ப்போம். சூரிய ஒளி வாயுமண்டலத்தினுள் புகும்போது காற்றின் மூலக்கூறுகள் அதை நாற்புறமும் சிதறச் செய்கின்றன. ஆயினும் அச்சிதறல் எல்லா நிறங்களுக்கும் ஒரே அளவாக நிகழ்வதில்லை. பிற்காலத்தில் ராலே பிரபு என்று புகழ்பெற்ற ஆங்கிலப் பௌதிக அறிஞர் ஜான் வில்லியம் ஸ்ட்ரட், மிகச் சிறிய துகள்களால் ஒளி சிதறும் அளவு அதன் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும் என்ற விதியை 1871-ல் வெளியிட்டார். அவ்விதிப்படி, 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி, 675 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியைவிட ஐந்து மடங்கு அதிகமாகச் சிதறுகிறது. இதற்குத் தூசி கூட வேண்டியதில்லை, தூய காற்றின் மூலக்கூறுகளே போதும் என்பதையும் 1899-ல் அவரே எடுத்துக் காட்டினார். உச்சியில் நிற்கும் சூரியனின் கிரணங்கள் கடந்து வரும் காற்றை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், அடிவானத்தைத் தொடும் சூரியனின் கிரணங்கள் கடக்க வேண்டியிருப்பது ஏறத்தாழ 38 பங்கு. அந்த நெடுவழியில் ஊதாவும் நீலமும் பச்சையின் பெரும்பகுதியும் பக்கவாட்டில் சிதறிக் கழிந்துபோக, மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்புமே எஞ்சி நம்மை வந்தடைகின்றன.

அதே காற்று ஒளியை வளைக்கவும் செய்கிறது. அடிவானத்தில் உள்ள ஒரு பொருள், இந்த வளைவினால், தன் உண்மையான இடத்தைவிட ஏறத்தாழ 34 கலை உயர்ந்து தோன்றுகிறது. சூரிய வட்டத்தின் விட்டமோ சுமார் 32 கலைதான். ஆகவே சூரியனின் கீழ்விளிம்பு கடலைத் தொடுவதாக நாம் காணும் அக்கணத்தில், உண்மையான சூரியன் முழுவதும் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டிருக்கிறது. கீழ்விளிம்பு மேல்விளிம்பைக் காட்டிலும் அதிகமாகத் தூக்கப்படுவதால்தான் அப்போது அதன் வட்டமும் நசுங்கி நீள்வட்டமாகிறது.

காற்றில் அந்நியத் துகள்கள் கலந்துவிட்டாலோ, இந்த நிறக் கணக்கே மாறிவிடும். 1883-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் தேதி சுந்தா ஜலசந்தியிலுள்ள கிரகடோவா எரிமலை வெடித்துச் சிதறியபின், செப்டம்பர் மாதத்தில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சை நிறமாகத் தோன்றி மக்களை வியப்பிலும் அச்சத்திலும் ஆழ்த்தியது. சென்னை கிறிஸ்துவக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராயிருந்தவரும், பின்னாளில் கோடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானவருமான மிச்சி ஸ்மித், அந்தப் பச்சைச் சூரியனின் ஒளியை நிறமாலைக் கருவி கொண்டு ஆராய்ந்து எழுதினார். ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க பருமனுடைய துகள்கள், ஏறத்தாழ ஒரே அளவினவாக வானில் மிதக்க நேர்ந்தால், அவை நீலத்தைவிடச் சிவப்பையே அதிகமாகச் சிதறடிக்கக்கூடும். அப்போது எஞ்சி வருவது பச்சையும் நீலமும். அவ்வாண்டு நவம்பரில் இங்கிலாந்தை எட்டிய செவ்வானத்தை, தேம்ஸ் நதிக்கரையில் செல்ஸீ என்னுமிடத்தில் வாழ்ந்த வில்லியம் ஆஸ்கிராஃப்ட் என்ற ஓவியர் மாலைதோறும் வர்ணச் சுண்ணக் குச்சிகளால் விரைந்து விரைந்து தீட்டினார். அவர் தீட்டியவை ஐந்நூறுக்கும் மேற்பட்டவை. புகைப்படக் கலை பிறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தும், அந்த அந்திகளைப் பதிவுசெய்யும் பணி ஓவியரின் கையை நம்பியே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

அதன் காரணம் எளியது. அக்காலத்துப் புகைப்படத் தகடுகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணர்ந்தன. சிவப்பு அவற்றுக்கு இருளேயாகும். சாயப் பொருள்களைச் சேர்ப்பதன் மூலம் தகட்டுக்குப் பச்சையையும் மஞ்சளையும் உணரும் சக்தியைத் தரலாம் என்று பெர்லினில் ஹெர்மன் வோகல் 1873-ல் கண்டறிந்தார். ஆயினும் சிவப்பு உட்பட எல்லா நிறங்களையும் உணரும் தகடு, 1906-ல் இங்கிலாந்தில் ராட்டன் அண்ட் வெயின்ரைட் நிறுவனத்தாரால்தான் விற்பனைக்கு வந்தது. அதுவரையில் நிலத்தைப் பதிய வைக்கும் அளவுக்கு ஒளி விட்டால் நீலவானம் தகட்டைப் பொசுக்கிவிடும். மேகங்கள் இருந்த சுவடே தெரியாது. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, 1857-ல் எடுத்த ‘பேரலை’ என்ற கடற்காட்சியில் இச்சங்கடத்தை ஒரு துணிச்சலான உபாயத்தால் கடந்தார். கடலுக்கு ஒரு கண்ணாடி நெகட்டிவ், வானத்துக்கு வேறொரு நெகட்டிவ் என இரண்டை எடுத்து, அடிவானக் கோட்டில் அவற்றை ஒன்றாக இணைத்து அச்சிட்டார். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வானத்துக்கு ஓர் அளவு, பூமிக்கு ஓர் அளவு என்று இரண்டு அளவுகள் உண்டு என்பதை அவர் அப்போதே உணர்ந்துகொண்டார். இன்று மேற்பாதி மட்டும் நிறம் ஏற்றிய கண்ணாடிப் பில்டரை லென்ஸின் முன் செருகுகிறவரும், கூடுதலும் குறைவுமாகப் பல முறை எடுத்துக் கம்ப்யூட்டரில் இணைக்கிறவரும் லெ கிரே வகுத்த வழியிலேயே நடக்கிறார்கள்.

இரண்டு அளவுகள் ஏன் தேவைப்படுகின்றன? நம் கண் ஒரு காட்சியை ஒரே நேரத்தில் முழுவதுமாகப் பார்ப்பதில்லை. வானத்தை நோக்கும்போது தன்னைச் சுருக்கிக்கொள்கிறது, பாறை நிழலை நோக்கும்போது விரித்துக்கொள்கிறது. அன்றியும் விழித்திரையின் ஒவ்வொரு பகுதியும் தன்மேல் விழும் ஒளிக்கு ஏற்பத் தன் கூர்மையைத் தனித்தனியே மாற்றிக்கொள்கிறது. இவ்வாறு துண்டு துண்டாகக் கண்டவற்றை மனம் ஒன்று சேர்த்து ஒரே சித்திரமாக நமக்குத் தருகிறது. காமிராவுக்கோ ஒரே ஒரு துவாரம், ஒரே ஒரு கால அளவு. அஸ்தமனச் சூரியனின் வட்டத்துக்கும் அருகிலுள்ள பாறையின் நிழலுக்கும் இடையே பிரகாசத்தில் உள்ள வித்தியாசம் லட்சம் மடங்கையும் தாண்டக்கூடும். இன்றைய நல்ல டிஜிட்டல் காமிரா ஒன்று ஒரே படத்தில் ஏற்கக்கூடியது பன்னிரண்டு முதல் பதினான்கு ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியை இரட்டிப்பதாகையால், அதை ஏறத்தாழ நான்காயிரம் முதல் பதினாறாயிரம் மடங்கு என்று கொள்ளலாம். முடிவில் அப்படம் வந்து சேரும் காகிதத்திலோ, மிகக் கறுத்த கறுப்புக்கும் மிக வெளுத்த வெளுப்புக்கும் உள்ள வித்தியாசம் சுமார் நூறு மடங்கே. கடலை நாழியால் அளந்து முடிக்கச் சொல்வதைப் போன்றது இது. ஆகையால் எதை வைத்துக்கொள்வது, எதை இருளுக்கோ வெளுப்புக்கோ விட்டுக்கொடுப்பது என்ற தேர்வைப் படமெடுப்பவர் செய்தே தீர வேண்டும். அவர் செய்யாவிட்டால், காட்சி முழுவதன் சராசரியைக் கணக்கிட்டுக் காமிரா தானே செய்துவிடும். அந்தச் சராசரிதான் முதலில் சொன்ன ஏமாற்றத்துக்கெல்லாம் மூலகாரணம்.

இந்தத் தேர்வை மிகத் தெளிவாகச் செய்து காட்டிய படம் எது என்று என்னைக் கேட்டால், அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரில் எடுத்த ‘நிலவெழுச்சி’யைத்தான் சொல்வேன். 1941-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒருநாள் மாலை, தம் சிறு மகனோடும் ஒரு நண்பரோடும் சாண்டா ஃபே நகரை நோக்கிக் காரில் திரும்பிக்கொண்டிருந்த அவர், சாலையின் கிழக்கே ஒரு கோயிலும் சில வீடுகளும் கல்லறைத் தோட்டமும், அவற்றுக்கு அப்பால் பனிபடர்ந்த மலைகளும், மலைகளுக்கு மேல் இன்னும் பூரணமாகாத வளர்பிறை நிலவும் நிற்கக் கண்டார். அவருக்குப் பின்னால் மேற்கே மேகவிளிம்பில் இறங்கிக்கொண்டிருந்த சூரியனின் கடைசிக் கிரணங்கள், கல்லறைகளின் மேல் நட்டிருந்த வெண்சிலுவைகளைத் தொட்டு ஒளிரச் செய்தன. காரை நிறுத்தி, எட்டுக்குப் பத்து அங்குலப் பெரிய காமிராவை அவசர அவசரமாக நிறுத்தியாயிற்று. ஆனால் ஒளிமானி எங்கோ பெட்டிகளுக்கிடையில் அகப்படவில்லை.

அப்போது அவருக்குக் கைகொடுத்தது ஓர் எண். நிலவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவர் நினைவில் இருந்தது. நிலவு என்பது என்ன? நம்மைப் போலவே சூரியனிலிருந்து ஏறத்தாழ அதே தூரத்தில், நண்பகல் வெயிலில் காயும் ஒரு பாறை நிலம். பூமியில் அந்தியானாலும் அங்கே வெயில் குறைவதில்லை; ஆகவே அதன் பிரகாசத்தை ஓர் அளவுகோலாக நம்பலாம். அதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன்னர்தான் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் சேர்ந்து, கறுப்பிலிருந்து வெளுப்பு வரையில் ஒரு படத்தின் ஒளிநிலைகளைப் பூஜ்யம் முதல் பத்து வரை பதினோரு படிகளாகப் பிரித்து, எந்தப் பொருளை எந்தப் படியில் நிறுத்துவது என்று முன்கூட்டியே தீர்மானிக்கும் முறை ஒன்றை வகுத்திருந்தார்கள். நிலவை ஏழாம் படியில், அதாவது நல்ல வெண்மையாயினும் தன்னுள் நுண்விவரங்களை இழக்காத நிலையில், அவர் நிறுத்தினார். அப்படியானால் ஐந்தாம் படியாகிய நடுச்சாம்பலுக்கு 60 கேண்டில். அவர் கையிலிருந்த ஃபிலிமின் வேகம் 64 ஆகையால், அதற்குரிய எக்ஸ்போஷர் எஃப் 8 துவாரத்தில் விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. வானத்தைக் கறுக்கச் செய்யும் அடர்மஞ்சள் பில்டருக்காக அது மும்மடங்காக வேண்டும். அண்மைப் புதரும் சேய்மை மலையும் ஒருங்கே துலங்குவதற்காகத் துவாரத்தை எஃப் 32 வரை சுருக்கியதனால் இன்னும் பதினாறு மடங்காக வேண்டும். மூன்றைப் பதினாறால் பெருக்க நாற்பத்தெட்டு. அறுபதில் நாற்பத்தெட்டு என்பது ஏறத்தாழ ஒரு விநாடி. ஒரு விநாடி திறந்து மூடினார். இரண்டாவது படத்துக்காக ஃபிலிம் சட்டத்தைத் திருப்பிப் போடுவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது.

நெகட்டிவ் எடுக்கும்போது இருண்ட பகுதிக்கு அளவெடுத்து ஒளி விடு, வெளிச்சப் பகுதியை டெவலப் செய்யும்போது அடக்கிக்கொள் என்பதுதான் ஆடம்ஸ் தாமே போதித்துவந்த விதி. இருளை அளக்கக் கருவி இல்லாததால், அன்று அவர் வெளிச்சத்திலிருந்து தொடங்க நேர்ந்தது. அதன் பயனாக நெகட்டிவின் கீழ்ப்பகுதி மிக மெலிந்து போக, 1948-ல் அப்பகுதியை மட்டும் ரசாயன முறையில் வலுப்படுத்த வேண்டியிருந்தது. தொடக்ககாலப் பிரிண்டுகளில் வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரியும். பிற்காலத்தில் அவர் அந்த வானத்தை மேன்மேலும் இருளச் செய்து, ஏறக்குறைய முழுக் கறுப்பாக்கிவிட்டார். இந்தப் பிந்திய பிரிண்டுகளே மேலானவை என்பது என் துணிபு. இருண்ட வானத்தின் கீழ்தான் அந்தச் சிறு சிலுவைகள் நிலவோடு பேசுகின்றன. படம் எடுத்த தேதியை ஆடம்ஸ் குறித்து வைக்கவில்லை. நிலவின் இடத்தையும் மலைகளின் அமைப்பையும் கொண்டு கணக்கிட்டு, 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிஷம் 20 விநாடி என்று டென்னிஸ் டி சிக்கோ 1991-ல் நிர்ணயித்தார். ஒரு நிலக்காட்சிப் படத்துக்கு இத்தகைய ஜாதகம் அமைந்தது அபூர்வமே.

இப்படத்தில் சூரியன் இல்லை, நிறமும் இல்லை. ஆயினும் அஸ்தமனத்தின் சாரம் முழுவதும் இதில் இருக்கிறது. காரணம், சாய்ந்து வரும் ஒளி பொருள்களை எப்படித் துலக்குகிறது என்பதை அறிந்து இது அமைக்கப்பட்டிருக்கிறது. சூரியன் ஐந்து பாகை உயரத்தில் இருக்கும்போது ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல் பதினோரு மடங்குக்குச் சற்று மேல். ஒரு பாகையாக இறங்கும்போது ஐம்பத்தேழு மடங்கு. நண்பகலில் தட்டையாகத் தோன்றிய மணல்மேடும் உழவுசாலும் இந்த நீள்நிழல்களினால் மேடு பள்ளம் பெற்று உருக்கொள்கின்றன. அன்றியும் வெயில் படும் பக்கம் சிவந்திருக்க, நிழற்பக்கம் மேல்வானத்தின் நீல ஒளியினால் மட்டும் விளங்குவதால், செம்மையும் நீலமும் அடுத்தடுத்து அமைகின்றன. ஒன்றையொன்று அடுத்திருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று தூண்டிப் பெருக்கும் என்பதைப் பிரெஞ்சு ரசாயன அறிஞர் செவ்ரல் 1839-லேயே விரிவாக எழுதியிருக்கிறார். காமிராவின் தானியங்கி நிறச் சமன் இந்தச் செம்மையைக் குற்றமாகக் கருதித் திருத்திவிடும் இயல்புடையது. அந்தியில் அதை நிறுத்திவிட்டு, நண்பகல் வெயிலுக்குரிய நிலையில் வைப்பதே நன்று.

சட்டத்துக்குள் எதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு, மூன்றிலொரு பங்கு விதியைப் பலரும் மந்திரம் போல் ஒப்பிக்கிறார்கள். 1797-ல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் கிராமக் காட்சிகளை வரைவது பற்றி எழுதிய நூலில் அதற்கு அப்பெயர் சூட்டினார். அவர் அதை எட்டியது, ஒரு படத்தில் இரண்டு சமமான வெளிச்சங்கள் இருத்தலாகாது, ஒன்று தலைமை பெற மற்றவை அடங்கி நிற்க வேண்டும் என்ற ஓவிய மரபை ஆராய்ந்ததனால்தான். கோடுகளைவிட ஒளித்திரளும் இருள்திரளுமே முதன்மையானவை என்று நான் கருதுவதற்கு இதுவும் ஓர் ஆதரவு. வானத்தில் செய்தி இருந்தால் அடிவானத்தைத் தாழ்த்துங்கள். நீரில் செய்தி இருந்தால் உயர்த்துங்கள். இரண்டிலும் இல்லையென்றால் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். சூரியனையே படத்தில் வைக்க விரும்புகிறவர்கள் ஒரு கணக்கை அறிந்திருத்தல் நலம்: அதன் பிம்பம் லென்ஸின் குவியத்தூரத்தில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கே விழும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் அது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஐந்து மில்லிமீட்டரை அது நெருங்க 500 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும். அடிவானத்தருகே அது பெரிதாகத் தோன்றுவது நம் மனத்தின் தோற்றமேயன்றி, லென்ஸுக்கு அந்த மயக்கம் கிடையாது. உயரே நிற்கும் சூரியனை நெடுங்குவிய லென்ஸ் வழியாகக் கண்ணால் பார்ப்பது விழித்திரையை எரித்துவிடும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

சூரியன் மறைந்ததும் காமிராவை மடித்துவைத்துக் கிளம்புகிறவர்கள் நாடகத்தின் நல்ல பகுதியை இழக்கிறார்கள். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் கீற்று மேகங்களுக்கு, தரையில் நிற்கும் நமக்கு மறைந்துபோன சூரியன் இன்னும் தெரிகிறது. நம் நாட்டில் சூரியன் ஏறக்குறைய நேர்க்குத்தாக இறங்குவதால், தலைக்கு மேலுள்ள அம்மேகங்கள் பத்துப் பன்னிரண்டு நிமிஷங்கள் வரையில் கீழிருந்து ஒளி பெற்றுக் கனலும். தாழ்ந்த பஞ்சுமேகங்களோ ஐந்தாறு நிமிஷங்களிலேயே அணைந்துவிடும். அதன்பின் உச்சிவானத்தில் பரவும் ஆழ்ந்த நீலத்துக்கு ராலேயின் விதி மட்டும் காரணமாகாது. வாயுமண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள ஓசோன், நெடுவழி வரும் ஒளியிலிருந்து மஞ்சளையும் ஆரஞ்சையும் விழுங்கிக்கொள்வதே முக்கிய காரணம் என்று எட்வர்ட் ஹல்பர்ட் 1953-ல் விளக்கினார். சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஆறு பாகை இறங்கும் வரையில் நீடிக்கும் இந்த ஒளி, வடதேசங்களில் முக்கால் மணி நேரமும் அதற்கு மேலும் நிற்கும். குமரிமுனையில் அது அரைமணிக்கும் குறைவே.

குமரிமுனையைச் சொன்னதும் சித்திரா பௌர்ணமி நினைவுக்கு வரும். மேற்கே சூரியன் கடலில் இறங்குவதையும் கிழக்கே சந்திரன் கடலிலிருந்து எழுவதையும் ஒரே மாலையில் காண அன்று மக்கள் திரளுகிறார்கள். கண்ணுக்கு அது ஈடில்லாத நாள். காமிராவுக்கு முந்தைய நாளாகிய சதுர்த்தசியே ஏற்றது. பௌர்ணமியன்று நிலவு மேலே ஏறித் தெளிவதற்குள் பூமி இருண்டுவிடுகிறது. பின்பு நிலவுக்கு அளவு வைத்தால் நிலம் மறையும், நிலத்துக்கு அளவு வைத்தால் நிலவு வெறும் வெள்ளைக் காசாகிவிடும். சந்திரோதயம் நாளுக்கு நாள் சராசரி ஐம்பது நிமிஷம் தாமதமாவதால், முந்தைய மாலையில் நிலவு சூரியன் மறைவதற்கு முன்பே எழுந்து, கடலிலுள்ள விவேகானந்தர் பாறையின்மேலும் 133 அடி வள்ளுவர் சிலையின்மேலும் மேற்கு வெயில் இன்னும் விழுந்துகொண்டிருக்கையில், கிழக்கு வானில் நிற்கும். அன்று சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, நிலவின் கறைகள் அழியாத அளவுக்கு எக்ஸ்போஷரை நிறுத்திப் படமெடுத்துப் பாருங்கள். இருண்ட பகுதியை டிஜிட்டல் காமிராவில் பின்னர் ஓரளவு மீட்டுக்கொள்ளலாம், வெளுத்துப்போனதை மீட்க வழியே இல்லை. சூரியன் மறைவதற்கு முந்திய கால்மணி நேரமும், மறைந்தபின் சுமார் பத்து நிமிஷமுமே அதற்குரிய அவகாசம்.